உழாமல் விட்ட மூலை

1

டிசம்பர் இருபத்தாறு இந்த நாட்டில் சோபா பார்க்கப் போகிற நாள். ஒல்லாந்தரின் நத்தார், அதாவது கிறிஸ்மஸ், இரண்டு நாள் நீளம். முதல் நாள் சாப்பிடுவார்கள். இரண்டாம் நாள் வீட்டில் இருக்கவும் முடியாமல், போவதற்கு வேறு இடமும் இல்லாமல், குடும்பம் குடும்பமாகத் தளபாடக் கடைக்குப் போய் ஒவ்வொரு சோபாவிலும் இருந்து பார்த்து எழும்புவார்கள். வாங்குகிறவர்கள் குறைவு. கடைக்காரரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை, கோப்பி கொடுத்து அனுப்புகிறார்.

இந்த வருஷம் நாங்களும் போனோம். மகள் நுஹாவுக்குப் படிக்கிற மேசை வேண்டுமாம். அவள் மெத்தையில் துள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், ஐந்து வருஷத்துக்கு முதல் இதே நாளில் நான் வீட்டுச் சோபாவில் இருந்து, தொலைக்காட்சியின் சுனாமிச் செய்தியில் எங்கள் கரையைத் தேடிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. தாய்லாந்தைக் காட்டினார்கள். இலங்கையில் காலி நகரத்தைக் காட்டினார்கள். எங்கள் அம்பாறைக் கரை என்று ஒன்று இருப்பது யாருக்கும் தெரியவில்லை. அழிந்து போவதற்கும் ஊருக்குக் கொஞ்சம் செல்வாக்கு வேண்டும் போலிருக்கிறது.

அன்று காலை என் தாத்தாவின் கணவர், கபூர் மச்சான், வயலுக்குப் போயிருந்தார். தாத்தா என்றதும் இங்குள்ள இந்திய நண்பர்கள் ஒரு கிழவரை நினைக்கிறார்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் மூத்த சகோதரிக்குத்தான் அந்தப் பெயர். என் தாத்தாவின் பெயர் ஜெஸீமா, நிந்தவூரில் இருக்கிறா. அவவுக்குச் சீதனமாகக் கிடைத்த பூமி ஊருக்குத் தெற்கே, ஆற்றுவாய்க்குக் கிட்ட, கடற்காற்று படுகிற தூரத்தில் இருந்தது. மச்சான் தண்ணீர் கட்டப் போனார். கடல் ஆற்றுவாயால் ஏறி வந்தது. மச்சான் திரும்பி வரவில்லை. அடக்கம் செய்ய மையித்தும் கிடைக்கவில்லை.

கிடைக்காதவர்கள் நிறையப் பேர் என்பதால், கிடைக்காததைப் பற்றிப் பேசவும் ஊரில் யாருக்கும் நேரம் இருக்கவில்லை. தாத்தாவும் பேசவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் நான் கோல் எடுத்தால் வேளாண்மையைப் பற்றிச் சொல்லுவா. உவர் ஏறிய பூமி, நாற்று மஞ்சளாகிறது, பாதி கருகுகிறது, அவ்வளவுதான்.

2

நான் செய்கிற தொழிலை ஊரில் சரியாக விளங்கிக்கொண்டவர்கள் கிடையாது. "மண் சோதிக்கிற கந்தோர்" என்று வைத்திருக்கிறார்கள். அலுவலகத்துக்குக் கந்தோர் என்கிற சொல்லையே இந்த ஒல்லாந்தர்தான் எங்களுக்குத் தந்துவிட்டுப் போனார்கள், ஆகவே நான் அதைத் திருத்தப் போவதில்லை.

வேலை இதுதான். பயிரின் வேரைச் சுற்றி ஒட்டியிருக்கிற மண்ணில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. சில பயிரைக் கெடுக்கும். சில உதவி செய்யும். உப்பு ஏறிய மண்ணில் நெல்லுக்குப் பதற்றம் வந்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும் நேரத்தில், அந்தப் பதற்றத்தை அடக்கிவிடுகிற பக்டீரியாக்களும் உண்டு. அவற்றில் அநேகமானவை ஆய்வுகூடத்துக் கண்ணாடித் தட்டில் வளர மறுக்கும். ஆகவே ஆளை விட்டுவிட்டு, மண்ணிலிருந்து டி.என்.ஏ.யை மட்டும் பிரித்தெடுத்து இயந்திரத்துக்குக் கொடுக்கிறோம். அது எல்லோருடைய மரபணுவையும் துண்டு துண்டாக, கலந்துகட்டி வாசித்துத் தரும். எந்தத் துண்டு யாருடையது, யார் என்ன வேலை தெரிந்தவர் என்று கண்டுபிடிப்பது எங்கள் பாடு. நெல்லின் மரபணுவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த நெல் எந்தப் பக்டீரியாவோடு ஒத்துப்போகிறது என்பது தெரியவரும்.

எங்கள் பகுதித் தலைவி அன்னெலீஸ் என்கிற பேராசிரியை. உயரமான மனுஷி, சைக்கிளில் வருவா, கோபம் வந்தால் இன்னும் மரியாதையாகப் பேசுவா. கடல்மட்டத்துக்குக் கீழே வீடு கட்டியிருக்கிற சனத்துக்கு உப்பு என்றால் ஒரு தனிப் பாசம். கடல் புகுந்த நெல்வயல்களின் மண் வேண்டும் என்று அவ ஒரு வருஷமாக அலைந்துகொண்டிருந்தா. எனக்கு அப்படி ஒரு வயலைத் தெரியும் என்று சொல்ல நான் அவசரப்படவில்லை. யுத்தம் நடக்கிற நேரத்தில் ஒரு பொம்பிளை பொலித்தீன் பையில் மண் கட்டிக்கொண்டு சோதனைச் சாவடியைக் கடந்தால், அது நுண்ணுயிர் ஆராய்ச்சி என்று எந்தச் சிப்பாய்க்கு விளக்குவது?

மே மாதம் யுத்தம் முடிந்தது. சாவடிகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. நான் தாத்தாவுக்குக் கோல் எடுத்தேன்.

"மண்ணா? எத்தின மூட்டை வேணும் தம்பி?"

"மூட்டை வேணாம் தாத்தா. மூணு பிடி. வேளாண்மை நல்லா நிக்கிற இடத்துல வேரோட ஒரு பிடி, கருகின இடத்துல ஒரு பிடி. ஒண்டும் விதைக்காத இடம் இருந்தா அதுலயும் ஒரு பிடி."

"விதைக்காத இடம் இரிக்கி," என்றா சட்டென்று. "இந்தா, நாளைக்கே எடுக்கன்."

அந்த அவசரம் எனக்கு விளங்கவில்லை. தம்பிக்கு உதவி செய்கிற ஆசை என்று நினைத்து, கொஞ்சம் பெருமைப்பட்டும் கொண்டேன்.

3

ஒரு மனிதன் இலங்கையிலிருந்து ஐரோப்பாவுக்கு வருவதைவிட ஒரு பிடி மண் வருவது கஷ்டம். நான் வந்த காலத்தில் என்னிடம் இவ்வளவு கேள்வி கேட்கவில்லை. மண் எங்கே பிறந்தது, என்ன நோய் இருந்தது, வந்த பிறகு எங்கே தங்கும், வேலை முடிந்ததும் எப்படி அழிக்கப்படும் என்றெல்லாம் கேட்டார்கள். கடைசிக் கேள்வியை மட்டும் மனிதர்களிடம் கேட்பதில்லை. அங்கே ஒரு அனுமதி, இங்கே ஒரு அனுமதி. தாத்தா கல்முனைக்கும் கொழும்புக்குமாக அலைந்தா. இங்கே நான் ஒவ்வொரு கந்தோராகத் தொலைபேசியில் காத்திருந்து, எல்லா இசையையும் மனப்பாடம் செய்தேன்.

ஒரு படிவத்தில் "நிலத்தின் தற்போதைய பயன்பாடு" என்று இருந்தது. மூன்றாவது பிடியைப் பற்றித் தாத்தாவிடம் கேட்டேன்.

"வயல்ட ஒரு மூலை. கடல் வந்ததிலிருந்து உழாமச் சும்மா இரிக்கி," என்றா.

"தரிசு" என்று எழுதினேன். அதிகாரி சந்தோஷப்பட்டார். அவருடைய பட்டியலில் அந்தச் சொல் இருந்தது.

குளிர்ப்பெட்டி வந்து சேர்ந்த அன்று தாத்தாவோடு பேசிக்கொண்டிருந்த தொலைபேசியை நுஹாவிடம் கொடுத்தேன். "மாமிக்குச் சலாம் சொல்லு." சலாம் சொன்னாள். அதற்குப் பிறகு தமிழ் தீர்ந்துபோய், ஒல்லாந்த மொழியில் பாடசாலைக் கதை ஒன்றை நீளமாகச் சொன்னாள். தாத்தா அங்கிருந்து "ஓம் மகள், ஓம் மகள்" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. இரண்டு பேருக்கும் அது நல்ல உரையாடல்.

பிறகு நான் வாங்கிக் கேட்டேன். "கையுறை அனுப்பினனே, போட்டீங்களா?"

"என்னத்துக்கு? நம்மட பூமிய அள்ள கையுறையா? அசிங்கமா அது? ஒளு எடுத்துட்டுத்தான் கை வெச்சன். ரெண்டு கையாலயும் நல்லாப் புசஞ்சி, கல்லு கட்டியெல்லாம் பொறுக்கித்தான் போட்டன்."

கையுறை தன் கையை மண்ணிடமிருந்து காப்பதற்கு என்று அவ நினைத்திருந்தா. மண்ணை அவவிடமிருந்து காப்பதற்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொழுகைக்குப் போவதுபோலக் கைகால் முகம் கழுவிவிட்டு மாதிரி எடுத்த வேறு யாரும் எங்கள் துறையில் இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை.

4

ஓகஸ்ட் கடைசியில் முடிவு வந்தது. கருகிய இடத்து மண்ணில் வேலைக்காரர்கள் குறைவு. வேளாண்மை நின்ற இடத்தில் பரவாயில்லை. அந்த மூன்றாம் பிடியில்தான் திருவிழா. உப்பைத் தாங்குகிறவை, வேருக்கு உதவுகிறவை, பெயரே வைக்கப்படாதவை என்று நிறைந்துபோய் இருந்தன. அன்னெலீஸ் என் மேசைக்கு வந்து நின்றா.

"இந்த இடத்தில் என்ன செய்திருக்கிறார்கள்?"

"ஒன்றும் செய்யவில்லை. ஐந்து வருஷமாக உழவில்லை."

"சுற்றிவர எல்லாவற்றையும் உழுது, இதை மட்டும் ஏன் விட்டார்கள்?"

எனக்குத் தெரியாது என்று சொன்னால் விஞ்ஞானத்துக்கு இழுக்கு. "குடும்ப விஷயம்," என்றேன். இந்த நாட்டில் அதைப்போல ஒரு சாவி கிடையாது. குடும்ப விஷயம் என்றால் பொலிஸ்காரனும் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவான். அவவும் போனா.

இரவுச் சாப்பாட்டுக்கு முதல் தாத்தாவுக்குக் கோல் எடுத்து, அந்த மூலையை ஏன் உழவில்லை என்று கேட்டேன்.

"மச்சான்ட மம்மட்டி அங்கதான் கெடந்திச்சி," என்றா. "தண்ணி வத்தினதும் நான் போய்ப் பாத்தன். பிடி மண்ணுக்குள்ள, தகடு மேல. ஆளும் அங்கினதான் இரிப்பார் எண்டு மனசு சொல்லிச்சி. ஆழத் தோண்டிப் பாக்க ஆர் இரிந்த? எல்லாரும் தங்கட ஆள்களத் தேடித் திரியிற. மையித்து கெடந்தா அது கபுறுதானே. கபுறுக்கு மேல கலப்பை போகுமா? வரம்பு கட்டி விட்டுட்டன். வெள்ளிக்கிழமைல போய் நிண்டு அவருக்கு யாசீன் ஓதுவன்."

நான் தொலைபேசியோடு எழும்பி மற்ற அறைக்குப் போனேன்.

"இப்ப ஒரு பிரச்சினை தம்பி. உவரக் கழுவ வாய்க்கால் வெட்டப் போறாங்க. வயலுக்குத் தண்ணி பங்கிடுற வட்டவிதானை வந்து சொன்னாரு, நேர்கோடு அந்த மூலையாலதான் போகுதாம். நான் ஏலா எண்டா இந்த வயல் வட்டை முழுக்க உப்போட கிடக்கும். கீழ் வயல்காரங்க பாவம், அவங்களும் அஞ்சி வருசமாக் கருகினதத்தான் வெட்டுறாங்க. ஓம் எண்டா, அவர்ர நெஞ்சிக்கு மேல மண் வெட்டுற பெக்கோ மிசின் போகும். பெரும்போகத்துக்கு முதல் சொல்லணும்."

பிறகு மெதுவாகக் கேட்டா. "நீ மண்ணுக்குள்ள இரிக்கிற எல்லாத்தையும் வாசிக்கிற மிசின் எண்டு சொன்னாய்தானே. அந்த மூணாவது பிடிக்குள்ள மனிசர் ஆரும் இரிக்காங்களா?"

அப்போதுதான் அந்த அவசரம் விளங்கியது. நெல்லுக்காகவும் இல்லை, தம்பிக்காகவும் இல்லை. கொழும்புவரை அலைந்தது இந்த ஒரு கேள்விக்காக.

5

எங்கள் வேலையில் முதல் சடங்கு மனிதனை வெளியேற்றுவது. இயந்திரம் வாசித்த துண்டுகளை முதலில் மனித மரபணுவோடு ஒப்பிடுவோம். பொருந்துகிறதை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைப் பார்ப்போம். அள்ளினவர் கை, கட்டினவர் மூச்சு, எங்கள் தும்மல் எல்லாம் அதில் இருக்கும். எத்தனையோ வருஷமாக அந்தக் குப்பையை நான் திறந்து பார்த்ததில்லை. யாரும் பார்ப்பதில்லை.

திறந்தேன். நியாயமாக ஒன்றும் இருக்கக்கூடாது என்று எனக்குத் தெரியும். எங்கள் வெயிலில், உப்புத் தண்ணீரில் ஊறி, ஐந்து மாரி கண்ட மண்ணில் ஒரு மனிதனின் டி.என்.ஏ. தாக்குப்பிடிப்பது கஷ்டம். தெரிந்த ஆள், படித்த ஆள், ஆனாலும் அந்தக் கோப்பு திறந்து முடியும்வரை திரையை நேராகப் பார்க்கவில்லை. மச்சான் என்னைச் சைக்கிள் பாரில் வைத்துச் சம்மாந்துறைவரை கொண்டுபோனவர். அவரைத் துண்டு துண்டாக, எழுத்து எழுத்தாகத் திரையில் பார்க்கப் போகிறேனோ என்று பயமாக இருந்தது. பார்க்காமல் போய்விடுவேனோ என்றும் பயமாக இருந்தது.

மனிதத் துண்டுகள் இருந்தன. கொஞ்சநஞ்சமில்லை. நான் கதிரையை விட்டு எழும்பி, கோப்பி இயந்திரம்வரை போய், கோப்பி எடுக்காமல் திரும்பி வந்தேன்.

ஆணின் உயிர்க்கலத்தில் மட்டும் இருக்கிற ஒரு குரோமோசோம் உண்டு. அந்தத் துண்டுகளுக்குள் அதைத் தேடினேன். மேலும் கீழுமாக, வேறு வழியாலும் தேடினேன். இல்லை. அந்த மண்ணில் இருந்தது ஒரு பெண். ஒளு எடுத்து, இரண்டு கையாலும் நன்றாகப் பிசைந்த பெண்.

ஒரு பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். இருக்கிறார் என்றால் அந்த மூலை கபுறாகவே இருந்துவிடும், ஊர் உப்பில் கிடக்கும். இல்லை என்றால் வாய்க்கால் போகும், தாத்தாவுக்கு வெள்ளிக்கிழமை போக இடமில்லாமல் போகும். இரண்டுக்கும் என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆகவே உண்மையைச் சொன்னேன்.

"மனிசர் இரிக்காங்க தாத்தா. அது நீங்கதான்."

"நானா?"

"உங்கட கை. மச்சான்ட ஒண்டும் இல்ல. ஆனா அது ஒரு பிடி மண். அதுவும் அஞ்சி வருசம். ஒண்டும் இல்லாததால அவர் அங்க இல்லண்டு சொல்ல ஏலாது."

"இரிக்காரெண்டும் சொல்ல ஏலாது."

"ஓம்."

"இதத்தான் பள்ளி மௌலவியும் சொன்னாரு," என்றா தாத்தா. "அவருக்கிட்ட மிசின் ஒண்டும் இல்ல."

6

தாத்தா ஒரு கிழமை, முழுதாக ஏழு நாள், யோசித்துவிட்டு வட்டவிதானையிடம் ஓம் என்று சொல்லிவிட்டா. ஒரு நிபந்தனை. பெக்கோ வெட்டும்போது அவ பக்கத்தில் நிற்பா, அள்ளுகிற மண்ணை அவ பார்த்த பிறகுதான் அப்பால் கொட்ட வேண்டும். சாரதி அட்டாளைச்சேனைக்காரர். அவருடைய உம்மாவையும் கடல்தான் கொண்டுபோனதாம். அதனால் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஒவ்வொரு வாளி மண்ணையும் மெதுவாக இறக்கி வைத்துவிட்டு, இயந்திரத்தை நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாராம். தாத்தா கையால் கிளறிக் கிளறிப் பார்த்தா. ஒரு மூலை வெட்ட ஒரு பகல் போனது. கீழ் வயல்காரர்கள் வரம்பில் குந்தியிருந்தார்கள், ஒருவரும் அவசரப்படுத்தவில்லை.

மஃரிப் தொழுகை முடிந்து இருட்டிய பிறகு தாத்தாவே எனக்குக் கோல் எடுத்தா. அவ காசு கட்டி எடுக்கிறதென்றால் யாரோ இறந்துபோன மவுத்துச் செய்தியாகத்தான் இருக்கும் என்று எங்கள் வீட்டில் பயம். நான் உடனே எடுத்தேன்.

"ஒண்டுமில்லடா தம்பி," என்றா. "ஒரு எலும்பு இல்ல. ஒரு பொத்தான் இல்ல. வெறும் மண்ணு. நல்ல கறுத்த மண்ணு."

"தாத்தா..."

"அஞ்சி வருசமா அந்த மூலைக்கிட்டப் போய் சலாம் சொல்லிக்கிட்டு இரிந்தன். மழை பேஞ்சா நனையிறாரே எண்டு நினைப்பன். இண்டைக்குத்தான் அழுதன். வரம்புல இரிந்து, அந்தச் சாரதிக்கு முன்னால, வெக்கமில்லாம அழுதன். கடல்தான் அவரக் கொண்டு போயிரிக்கி. அவர் மவுத்தாப் போனாரு தம்பி. எனக்கு இண்டைக்குத்தான் மவுத்தாப் போனாரு."

நானும் அழுதேன். நுஹா வந்து பார்த்துவிட்டு, என் பக்கத்தில் இருந்தாள்.

"நாளைக்கே இத்தா இரிக்கப் போறன்," என்றா தாத்தா.

கணவன் இறந்தால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளிக்கிடாமல் இருப்பதுதான் இத்தா. கடல் வந்த வருஷம் ஊரில் எத்தனையோ பெண்கள் ஒன்றாக இத்தா இருந்தார்கள். தாத்தா இருக்கவில்லை. மையித்தை நான் காணவில்லை, யாருக்கு இத்தா என்று கேட்டுவிட்டு ஆஸ்பத்திரிகளிலும் முகாம்களிலும் தேடித் திரிந்தா. பிறகு யாரோ ஒரு ஆளைப் படகு ஏற்றிப் போனதாகக் கதை வந்தது. யுத்தம் முடிந்து, காணாமல் போனவர்கள் சிலர் திரும்பி வந்தபோது, மூலையில் யாசீன் ஓதிக்கொண்டே அந்தப் பட்டியல்களையும் கேட்டுப் பார்த்தா. ஊர்ப் பெண்கள் கதைத்தார்கள். அவ கணக்கெடுக்கவில்லை. இப்போது மௌலவி வந்து, இவ்வளவு காலத்துக்குப் பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்கத் தொடங்கினாராம். தாத்தா தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டா.

அடுத்த கிழமை அன்னெலீஸ் உற்சாகமாக வந்தா. கட்டுரை எழுதத் தொடங்கிவிட்டாவாம். அதே தரிசு மூலையிலிருந்து மாதம் ஒரு பிடி வேண்டுமாம், அதே ஆள் எடுத்தால் நல்லதாம்.

"அந்த மூலை இப்போது இல்லை, வாய்க்காலாகிவிட்டது," என்றேன். "பக்கத்தில் எடுக்கலாம். ஆனால் எடுக்கிறவ என் சகோதரி. நாலு மாதமும் பத்து நாளும் அவவால் வெளியில் வர முடியாது."

"சுகமில்லையா?"

"கணவர் இறந்துவிட்டார்."

அவவுடைய முகம் மாறியது. இந்த ஊரில் ஒருவரும் ஒருவரைத் தொடமாட்டார்கள். அவ என் தோளில் கை வைத்தா.

"எப்போது நடந்தது?" என்று கேட்டா.

"போன கிழமை," என்றேன்.